எட்டு வரிச் சீட்டுக்கு ஓர் உரை

விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் கணினி ஒன்று. உள்ளே 500 ஜிபி எஸ்எஸ்டி. அதில் கை வைக்காமல், இரண்டாவதாக 1 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டி அதில் லினக்ஸ் மின்ட் போட வேண்டும். கணினியைப் போடும்போது இதுவா அதுவா என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓஎஸ் போட்டுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நண்பர் ஒருவர் இந்த வேலைக்கென்று எழுதிக் கொடுத்த சீட்டு இது. நடை அவருடையது, நான் திருத்தவில்லை.

1. முதல் டிஸ்க் கேபிளை உருவு.
2. ஜிபிடி போடு. எம்பிஆர் வேணாம்.
3. முதல் பார்ட்டிஷன் இஎஸ்பி. 1 ஜிபி, ஃபேட்32.
4. ரூட் 60. பின்னாடி 40 சும்மா விடு.
5. ஸ்வாப் தனியா வேணாம்.
6. ஹோம் 200. மீதி டேட்டா, என்டிஎஃப்எஸ்.
7. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆஃப். டைம் பார்.
8. அப்ளை அடிக்கிறதுக்கு முன்னாடி சைஸைப் பார். பேரைப் பார்க்காதே.

சுருக்கம் சூத்திரத்துக்கு அழகுதான். ஆனால் இந்த எட்டிலும் 'செய்' இருக்கிறது, 'ஏன்' இல்லை. நண்பர் மனத்தில் வைத்திருந்த கணினியும் நம் மேஜையில் இருக்கும் கணினியும் ஒன்றாக இருக்கும்வரை அது பரவாயில்லை. எங்காவது விலகும் இடத்தில் ஏன் என்று தெரிந்தவர்தான் தப்பிப்பார். உரை அதற்காக.

முதல் டிஸ்க் கேபிளை உருவு

'முதல் டிஸ்க்' என்றது விண்டோஸ் இருக்கும் டிஸ்கை. லினக்ஸ் போடும் வேலை முடியும்வரை அது கணினியின் கண்ணில் படவே கூடாது என்கிறார்.

எந்த டிஸ்கில் போடட்டும் என்று நிறுவி கேட்கத்தானே செய்கிறது, இரண்டாவதைக் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இன்றைய கணினிகள் யூஇஎஃப்ஐ வழியில் பூட் ஆகின்றன. அந்த வழியில் பூட்லோடர் குடியிருப்பது இஎஸ்பி என்ற சிறிய பார்ட்டிஷனில். உபுண்டுவும் மின்ட்டும் வெகுகாலம் வைத்திருந்த யுபிக்விட்டி நிறுவிக்கு ஒரு வழக்கம் உண்டு: முதல் டிஸ்கில் ஏற்கெனவே ஓர் இஎஸ்பி இருந்தால், நாம் இரண்டாவது டிஸ்கைக் காட்டியிருந்தாலும் பூட்லோடரை முதலாவதில் கொண்டுபோய் வைத்துவிடும். விண்டோஸ் நிறுவியும் இதில் சளைத்ததல்ல. வேறு டிஸ்கில் இஎஸ்பி கண்ணில் பட்டால் அதையே தனக்கும் எடுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக ஓடும். வினை பின்னால் வரும். முதல் எஸ்எஸ்டி பழுதாகி அதைக் கழற்றினால், லினக்ஸ் முழுசாக இரண்டாவது டிஸ்கில் இருந்தும் பூட் ஆகாது, வாசல் போய்விட்டது. இரண்டாவதைக் கழற்றினால், முதல் டிஸ்கில் உள்ள கிரப் என்ற லினக்ஸ் பூட்லோடர் தன் அமைப்புக் கோப்பைத் தேடிக் காணாமல் கறுப்புத் திரையில் 'கிரப்' என்று ஒரு வரியைக் காட்டி நின்றுவிடும். விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் பார்ப்பவருக்கு எல்லாம் போய்விட்டதாகத் தோன்றும்.

இரண்டில் எதைக் கழற்றினாலும் மற்றது தன் காலில் நிற்க வேண்டும் என்பதே இந்தச் சீட்டு முழுவதையும் நடத்தும் கொள்கை. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சீடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இரட்டை பூட் திரையை நம்மில் நிறையப் பேர் முதலில் பார்த்தது அங்கேதான். ஒரே டிஸ்கில் இரண்டும் இருந்ததால், விண்டோஸைத் திரும்பப் போட்ட கையோடு லினக்ஸுக்குப் போகும் வழி அடைபட்டுப்போவது அங்கே சகஜம். இரண்டாவது டிஸ்க் வாங்குவதன் பெரிய லாபம் கூடுதல் இடம் அல்ல, இந்தப் பிரிவினைதான். கேபிளை உருவாமல் நிறுவினால் அந்த லாபம் சொல்லாமலே கைநழுவும்.

'கேபிள்' என்ற சொல் நண்பரின் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சாட்டா டிஸ்குக்குத்தான் கேபிள். இப்போது விண்டோஸ் இருப்பது பெரும்பாலும் மதர்போர்டில் நேராகச் செருகிய என்விஎம்இ எஸ்எஸ்டியில். அதற்கு ஒரு பொடி ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். அது கேபினெட்டுக்குள் உருண்டு விழுந்தால் தேடுவது தனி வேலை. பயோஸில் அந்த ஸ்லாட்டை முடக்க வழி இருந்தால் அதுவே உத்தமம்.

இந்த வரிக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய வரி ஒன்று சீட்டில் இல்லை. நன்னூல் நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவதான குன்றக் கூறல் இங்கே நேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். பயோஸில் செக்யூர் பூட்டை மாற்றினாலோ பூட் அமைப்பைக் கலைத்தாலோ அது விழித்துக்கொண்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு பூட்டிய டிஸ்குக்குள் இருந்தால் என்ன செய்வது? ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்துவைப்பதும் இதே இடத்தில் வர வேண்டியது.

ஜிபிடி போடு. எம்பிஆர் வேணாம்

டிஸ்கில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிவைக்கும் அட்டவணை இரண்டு வகை. எம்பிஆர் 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. டிஸ்கின் முதல் செக்டரான 512 பைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும்: பூட் நிரலுக்கு 446, அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2. 64 பைட்டில் 16 பைட் வீதம் நான்கு வரிதான் எழுத முடியும். நான்கு பார்ட்டிஷனுக்கு மேல் வேண்டுமானால் எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் என்று சுற்று வழி. செக்டர் எண்ணுக்கு 32 பிட் மட்டுமே ஒதுக்கியதால் 2 டிபியைத் தாண்டி அதற்குக் கண் தெரியாது.

நம்முடையது 1 டிபிதானே, எம்பிஆரே போதாதா? அளவு இங்கே காரணம் அல்ல. எம்பிஆருக்குப் பிரதி கிடையாது. அந்த ஒரு செக்டர் கெட்டால் நான்கு பார்ட்டிஷனும் ஒரே அடியில் காணாமல் போகும். ஜிபிடி தன் அட்டவணையை டிஸ்கின் தலையில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக எழுதிவைக்கிறது. எழுதியது கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து மீட்கலாம். பார்ட்டிஷன் 128 வரை. இவ்வளவு இருந்தும் ஜிபிடி தன் முதல் செக்டரை எம்பிஆருக்கே விட்டுவைத்திருக்கிறது. பழைய மென்பொருள் எதுவும் இதை வெற்று டிஸ்க் என்று நினைத்து மேலே எழுதிவிடாமல் இருக்க, முழு டிஸ்கையும் அடைத்துக்கொண்ட போலி பார்ட்டிஷன் ஒன்றை அங்கே காட்டிவைக்கும்.

முதல் பார்ட்டிஷன் இஎஸ்பி. 1 ஜிபி, ஃபேட்32

ஃபேட்32 என்றது விருப்பத்தால் அல்ல. மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ படிக்கத் தெரிந்திருக்க வேண்டியது ஃபேட் வகை மட்டுமே. லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது. பார்ட்டிஷன் போடும் மென்பொருளான ஜிபார்டடில் உருவாக்கிய பிறகு 'இஎஸ்பி' கொடியையும் ஏற்றிவிட வேண்டும். வெறும் ஃபேட்32 பார்ட்டிஷன் தானாக இஎஸ்பி ஆகிவிடாது.

விண்டோஸ் தனக்குப் பெரும்பாலும் 100 எம்பி இஎஸ்பிதான் வைத்துக்கொள்கிறது. மின்ட்டுக்கும் அது போதும், அதன் கெர்னல் ரூட்டில்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு மனம் மாறி பாப் ஓஎஸ் போன்ற ஒன்றைப் போட்டால், அது கெர்னலையே இஎஸ்பியில் கொண்டுவந்து வைக்கும். நண்பர் 1 ஜிபி கேட்பது அதற்காக இருக்கலாம். 931 ஜிபியில் ஒன்றுக்குக் கணக்குப் பார்ப்பது வீண் சிக்கனம்.

ரூட் 60. பின்னாடி 40 சும்மா விடு

சீட்டிலேயே எனக்குப் பிடித்த வரி இது. இங்கே சொல்லும் எண்கள் ஜிபி. 1 டிபி என்று வாங்கிய டிஸ்க் ஜிபார்டடில் 931.51 என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த டிஸ்கில் இருப்பது 1,95,35,25,168 செக்டர். ஒவ்வொன்றும் 512 பைட் என்று பெருக்கினால் ஒரு லட்சம் கோடிக்கும் சற்று மேல் பைட் வரும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக வகுத்து 1 டிபி என்கிறார், மென்பொருள் 1024 ஆல் வகுத்து 931 என்கிறது. பைட் ஒன்றும் குறையவில்லை.

மின்ட் போட 60 தாராளம். ஆனாலும் ரூட் நிறையும். டைம்ஷிஃப்ட் எடுக்கும் பிரதிகள், ஃபிளாட்பேக் செயலிகள், தேங்கிப்போன பழைய கெர்னல்கள் எல்லாம் அங்கேதான் சேரும். ரூட் முழுதும் நிறைந்துவிட்டால் பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அப்போது பெரிதாக்க வேண்டும். பார்ட்டிஷனின் வாலை நீட்டுவது சுலபம். அட்டவணையில் எண்ணை மாற்றி, எக்ஸ்ட்4ஐ விரிக்கச் சொன்னால் சில நிமிடங்களில் முடியும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போதே. தலையை நகர்த்துவது அப்படி அல்ல. உள்ளே இருக்கும் தரவு மொத்தமும் இடம் பெயர வேண்டும். சுழலும் டிஸ்கில் அது மணிக்கணக்காக ஓடும், நடுவில் கரண்ட் போனால் அதோடு போச்சு. ரூட்டை ஒட்டி ஹோமை வைத்துவிட்டால் ரூட்டுக்கு இடம் கொடுக்க ஹோமின் தலையை நகர்த்த வேண்டிவரும். நடுவில் 40 ஜிபி வெற்றிடம் இருந்தால் அந்தப் பிரச்சினையே எழாது.

வெற்றிடத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். வேறொரு லினக்ஸை அங்கே போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். விட்டுவிட வேண்டும் என்பதை 'சும்மா' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்.

ரூட்டை டிஸ்கின் முன்பக்கத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுழலும் டிஸ்கில் தொடக்க செக்டர்கள் தட்டின் வெளிவிளிம்பில் இருக்கின்றன. ஒரு சுற்றில் அதிகத் தரவு தலைக்குக் கீழே ஓடுவதால் அங்கே படிக்கும் வேகம் கூடுதல். எஸ்எஸ்டிக்கு இந்தப் பேச்சே இல்லை. உண்மையைச் சொன்னால், இன்றைக்கு ரூட்டைச் சுழலும் டிஸ்கில் வைப்பது பொறுமைசாலிகளுக்கே ஆகும். சின்ன எஸ்எஸ்டி ஒன்று கையில் இருந்தால் இரண்டாவது டிஸ்காக அதைப் போட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்கை டேட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே என் யோசனை.

ஸ்வாப் தனியா வேணாம்

உபுண்டு 17.04 முதல் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் கேட்பதில்லை. ரூட்டுக்குள் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளும். மின்ட்டும் அதே வழி. லினக்ஸை ஹைபர்னேட் செய்தே தீர வேண்டும் என்பவர்கள் மட்டும் இந்த வரியைத் தள்ளிவிட்டு, ரேம் அளவுக்குக் குறையாமல் தனியாக ஒன்று ஒதுக்கிக்கொள்ளலாம்.

ஹோம் 200. மீதி டேட்டா, என்டிஎஃப்எஸ்

ஹோமைத் தனியாகப் பிரித்தால், ரூட்டை அழித்து மின்ட்டை மறுபடி போடும்போது நம் கோப்புகளும் அமைப்புகளும் அப்படியே நிற்கும். நிறுவி கேட்கும்போது ஹோமுக்கு நேரே 'ஃபார்மட்' கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொண்டால் சரி.

விவாதத்துக்கு உரியது இரண்டாம் பாதி. 1, 60, 40, 200 போக மிஞ்சுவது சுமார் 630 ஜிபி. அது இரண்டு ஓஎஸ்ஸுக்கும் பொது. விண்டோஸ் தானாக எக்ஸ்ட்4ஐப் படிக்காது, லினக்ஸ் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும் எழுதும். 2021இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து அதற்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பொது இடம் என்றால் என்டிஎஃப்எஸ். எக்ஸ்ஃபேட் ஆகாதா என்றால், அதில் ஜர்னல் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எதுவரை எழுதினோம் என்ற குறிப்பே இராது. நம் ஊர் மின்சாரத்தை நம்பி அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனாலும் நண்பரின் முடிவை முழுதாக ஏற்க முடியவில்லை. என்டிஎஃப்எஸ்ஸில் கோளாறு வந்தால் ஒழுங்காகச் சரிபார்க்கும் கருவி விண்டோஸின் செக்டிஸ்க்தான். லினக்ஸ் பக்கத்தில் இருக்கும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில்லறைத் தப்புகளைத் தட்டிச் சரிசெய்து, மீதியை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று கொடி காட்டிவிட்டு ஒதுங்கும். விண்டோஸ் இருக்கும் முதல் டிஸ்க் கழன்றுபோன நாளில் இந்த 630 ஜிபிக்கு வைத்தியர் இல்லை. எதைக் கழற்றினாலும் மற்றது நிற்க வேண்டும் என்ற முதல் வரியின் கொள்கை ஆறாவது வரியில் உடைகிறது. உண்மையிலேயே இரண்டு பக்கமும் திறக்க வேண்டியது எவ்வளவு என்று யோசித்தால் பலருக்கு 150 ஜிபி தேறினால் அதிகம். அதை மட்டும் என்டிஎஃப்எஸ் ஆக்கி மீதியை எக்ஸ்ட்4 ஆக வைத்துக்கொள்வேன். டேட்டாவுக்கு மட்டுமான எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் ஒரு சேமிப்பும் உண்டு: ரூட் பயனருக்கென்று அது 5 சதவீதத்தை ஒதுக்கிவைக்கும், 480 ஜிபியில் அது 24. டேட்டாவுக்கு அந்த ஒதுக்கீடு தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் கொண்டு திரும்பப் பெறலாம்.

விண்டோஸுக்குள் போனபின் வரும் ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பார்ட்டிஷனின் வகைக் குறி தப்பாக இருந்தால், எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்கு விண்டோஸ் ஓர் எழுத்தைக் கொடுத்து எக்ஸ்ப்ளோரரில் காட்டும். அதைத் தெரியாமல் சொடுக்கினால், பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வரும். அதில் 'ஃபார்மட்' பொத்தான் கைக்கு வாகாக இருக்கும். வீட்டில் இன்னொருவர் அதை அழுத்திவிட்டால் ஹோம் போயிற்று. முன்பு ஜிபிடியில் லினக்ஸ் பார்ட்டிஷன்களுக்கும் விண்டோஸ் டேட்டாவின் குறியையே போட்டுவந்தார்கள். பிறகுதான் லினக்ஸுக்குத் தனிக் குறி வந்தது. அது இருந்தால் விண்டோஸ் எழுத்தே கொடுக்காது. எழுத்து கொடுத்திருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அதை எடுத்துவிட வேண்டும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆஃப். டைம் பார்

2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த வசதி ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கெர்னலின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில், எந்தக் கோப்பு எங்கே என்ற நினைப்பும் அடங்கும். நடுவில் லினக்ஸில் புகுந்து அதே என்டிஎஃப்எஸ்ஸில் எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் பழைய நினைப்பிலேயே மேலே எழுதும். இதைத் தவிர்க்கவே லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் திறந்துவிடும். எழுத முடியவில்லை, பர்மிஷன் கோளாறு என்று ஆளாளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்வது பாதிக்கு மேல் இதனால்தான். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டும் விண்டோஸ் முழுதாக அணைந்து எழும் என்பது வேடிக்கை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். பெரிய அப்டேட் வந்தபின் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

'டைம் பார்' என்ற இரண்டு சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்புகிறது. அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நம்புகிறது. லினக்ஸ் இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்துக் கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதிவிட்டால், அடுத்து விண்டோஸ் வந்ததும் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். தீர்வு எளிது: டைம்டேட்சிடிஎல் கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கே மாற்றிவிடலாம். கோடை நேர மாற்றம் இல்லாத நம் நாட்டில் அதனால் தொல்லை எதுவும் இல்லை.

சைஸைப் பார். பேரைப் பார்க்காதே

லினக்ஸ் டிஸ்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைக்கிறது. அது டிஸ்கோடு பிறந்த பெயர் அல்ல, கண்டுபிடித்த வரிசையில் கொடுத்தது. பென்டிரைவைச் செருகிப் பூட் செய்தால் அதுவே எஸ்டிஏ ஆகிவிடலாம். நேற்று எஸ்டிபி இன்றைக்கு எஸ்டிஏ. எஃப்எஸ்டேப் கோப்பில் பெயருக்குப் பதில் யூயூஐடி என்ற நீண்ட எண்ணை எழுதுவதும் இதனால்தான். அளவு பொய் சொல்லாது: 931.51 என்றால் புது டிஸ்க், 465.76 என்றால் விண்டோஸின் எஸ்எஸ்டி. இரண்டும் ஒரே அளவாக வாங்கியிருந்தால் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் ஸ்டிக்கரோடு ஒப்பிட வேண்டியதுதான்.

முதல் வரிப்படி கேபிளை உருவியவருக்கு இந்த எச்சரிக்கை எதற்கு, இது கூறியது கூறல் ஆகாதா என்றால், ஆகாது. முதல் வரியைச் செய்யாமல் விடுபவர்கள் உண்டு என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். உருவியவருக்கும் பென்டிரைவ் என்று ஒன்று மிச்சமிருக்கிறது.

'அப்ளை அடிக்கிறதுக்கு முன்னாடி' என்றது நேரம் குறித்து. ஜிபார்டடில் நாம் செய்வதெல்லாம் கீழே வரிசையில் சேர்ந்துகொண்டே போகும்; பச்சை டிக்கை அழுத்தும்வரை டிஸ்கில் ஒரு பைட் மாறாது. எஃப்டிஸ்கில் 'டபிள்யூ' கொடுக்கும்வரை அப்படியே. ஆனால் டிஸ்குக்குப் புது அட்டவணை போடும் வேலை ஜிபார்டடில் வரிசையில் நிற்காது. எச்சரிக்கைப் பெட்டியில் சரி என்றதும் அப்போதே நடந்துவிடும். சீட்டின் இரண்டாவது வரியே அந்த வேலைதான். ஆகவே எட்டாவது வரியை இரண்டாவதுக்கு முன்னால் ஒருமுறை, அப்ளைக்கு முன்னால் ஒருமுறை என்று இரண்டு தடவை படிக்க வேண்டும்.

தப்பித்தவறி வேறு டிஸ்கில் அழுத்திவிட்டால்? பார்ட்டிஷனை நீக்குவது சிட்டாவில் சர்வே எண்ணை அடிப்பது போல. நிலம் எங்கும் போகாது. அட்டவணை மட்டும் அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்கை அலசி, பழைய எல்லைகளைக் கண்டுபிடித்துத் திரும்ப எழுதித் தரும். ஃபார்மட்டும் ஆகியிருந்தால் சுழலும் டிஸ்கில் ஓரளவு நம்பிக்கை உண்டு. எஸ்எஸ்டியில் மிகக் குறைவு. ஃபார்மட் செய்யும்போதே இந்த இடமெல்லாம் வேண்டாம் என்று டிஸ்குக்கு டிரிம் செய்தி போய்விடுகிறது, அதுவும் உள்ளே துடைத்துவிடுகிறது. எந்த டிஸ்க் ஆனாலும் அந்த நிமிடத்திலிருந்து அதில் எதையும் எழுதாமல் கணினியை அணைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து பூட் செய்து, டெஸ்ட்டிஸ்கை அங்கிருந்து ஓட்ட வேண்டும்.